ராக்கபில்லி மறுமலர்ச்சி: இசை, உடை, கித்தார்

ராக்கபில்லி என்பது 1950களின் நடுவில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தோன்றிய ஒரு துள்ளிசை வடிவம். கறுப்பின மக்களின் புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகிய இசைகளும், வெள்ளையின உழைக்கும் மக்களிடையே வழங்கிய ஹில்பில்லி என்னும் நாட்டார் இசையும் கலந்து உருவானது. ராக், ஹில்பில்லி என்ற இரு சொற்கள் சேர்ந்து அமைந்ததே இதன் பெயர். இந்த இசையின் முதல் அலை 1954ல் தொடங்கி 1950கள் முடிவதற்குள் ஓய்ந்துவிட்டது. 1970களில் முதலில் ஐரோப்பாவிலும், பின்னர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது மீண்டும் எழுந்தது. பழைய பாடல்களோடு அக்கால உடை, தலைமுடி, கார், நடனம், கித்தார் ஆகியவையும் திரும்பி வந்தன. இந்த இரண்டாம் வாழ்வே ராக்கபில்லி மறுமலர்ச்சி எனப்படுகிறது. முதல் வாழ்வு ஐந்தாறு ஆண்டுகளே நீடித்தது. இரண்டாவது அரை நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கிறது.

தோற்றம்

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸ் 1950ல் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறந்தார். 1952ல் சன் ரெக்கார்ட்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் பதிவு செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பாடகர்கள். 1954 ஜூலை 5 அன்று எல்விஸ் பிரெஸ்லி, கித்தார் கலைஞர் ஸ்காட்டி மூர், டபுள் பாஸ் கலைஞர் பில் பிளாக் ஆகிய மூவரும் அக்கூடத்தில் 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலைப் பதிவு செய்தனர். அது ஆர்தர் குரூடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946ல் பதிவு செய்த பாடல். இசைத்தட்டின் மறுபக்கத்தில் பில் மன்றோவின் புளூகிராஸ் பாடலான 'புளூ மூன் ஆஃப் கென்டக்கி' இடம்பெற்றது. ஒரு பக்கம் கறுப்பின இசை, மறுபக்கம் வெள்ளையின நாட்டார் இசை. ராக்கபில்லியின் இரு வேர்களும் அந்த ஒரே தட்டில் இருந்தன.

சன் நிறுவனத்தில் கார்ல் பெர்க்கின்ஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ், ராய் ஆர்பிசன் ஆகியோர் தொடர்ந்து பாடினர். பெர்க்கின்ஸின் 'புளூ ஸ்வேட் ஷூஸ்' 1956 தொடக்கத்தில் வெளிவந்து நாடெங்கும் பரவியது. வேறு நிறுவனங்களிலிருந்து ஜீன் வின்சென்ட், எடி காக்ரன், ஜானி பர்னெட், வாண்டா ஜாக்சன், ஜானிஸ் மார்ட்டின் முதலியோர் வந்தனர். டெக்சாசிலிருந்து பட்டி ஹாலி வந்தார்.

ஒலியின் அமைப்பு

ராக்கபில்லியின் ஒலியை மூன்று கூறுகள் தீர்மானித்தன. முதலாவது, டபுள் பாஸை அறைந்து வாசிக்கும் முறை. வாசிப்பவர் தடித்த கம்பியை விரலால் வெளியே இழுத்து விடுவார். அது விரல்பலகையில் மோதிச் சொடுக்கும். அடுத்த கணம் உள்ளங்கையால் கம்பிகளைத் தட்டுவார். தொடக்ககாலப் பதிவுகளில் டிரம்ஸ் கிடையாது. தாளத்தை இந்தச் சொடுக்கும் தட்டுமே தாங்கின.

இரண்டாவது, எதிரொலி. ஒலிநாடாக் கருவியில் பதியும் முனைக்கும் ஒலிக்கும் முனைக்கும் இடையே சிறு தொலைவு உண்டு. பாடகரின் குரல் இரண்டாவது கருவி ஒன்றின் வழியாகச் சென்று, நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தாமதமாகத் திரும்பி வந்து மூலக்குரலோடு சேரும். சாம் ஃபிலிப்ஸ் இந்த உத்தியை இரண்டு ஆம்பெக்ஸ் கருவிகளைக் கொண்டு கையாண்டார். சில இசைக்கலைஞர்களே உள்ள குழுவின் ஒலியை அது பெரிதாக்கிக் காட்டியது. இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ரே பட்ஸ் என்பவர் இதே எதிரொலியை உள்ளே கொண்ட எக்கோசோனிக் என்னும் கித்தார் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கினார். செட் அட்கின்ஸ், ஸ்காட்டி மூர், கார்ல் பெர்க்கின்ஸ் ஆகியோர் அதைப் பயன்படுத்தினர்.

மூன்றாவது, கித்தாரை வாசிக்கும் முறை. கட்டைவிரல் தாழ்ந்த கம்பிகளில் தாளத்தைப் பிடிக்க, மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் மெட்டை வாசிக்கும். இது மெர்ல் டிராவிஸ், செட் அட்கின்ஸ் ஆகியோர் வழியாகப் புகழ்பெற்றது. கென்டக்கியில் டிராவிஸ் இதைத் தன் ஊர்க் கலைஞர்களிடமிருந்து கற்றார். அவர்களுக்கு முன்னோடியாக இருந்தவர் ஆர்னால்டு ஷல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். ஷல்ட்ஸ் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை.

முதல் அலையின் முடிவு

ஆர்சிஏ நிறுவனம் 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கியது. அதன்பின் அவர் இசை மெல்ல மெல்லப் பொதுவான பாப் இசையாக மாறியது. 1958ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். 1959 பிப்ரவரி 3 அன்று பட்டி ஹாலியும், மெக்சிகோ வழிவந்த பாடகரான ரிச்சி வேலன்சும் அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தனர். 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்த எடி காக்ரன் சிப்பென்ஹாம் அருகே கார் விபத்துக்குள்ளாகி 21 வயதில் மறைந்தார். அதே காரில் இருந்த ஜீன் வின்சென்ட் காயங்களோடு தப்பினார்.

அமெரிக்காவில் வானொலியும் இசைத்தட்டு நிறுவனங்களும் இந்த இசையைக் கைவிட்டன. ஒரே ஒரு தட்டை வெளியிட்டுவிட்டு லாரி ஓட்டவும், வயலில் வேலை செய்யவும், தேவாலயத்தில் பாடவும் திரும்பிச் சென்ற பாடகர்கள் பலர். வாண்டா ஜாக்சன் கன்ட்ரி இசைக்கும் பின்னர் சமயப் பாடல்களுக்கும் மாறினார். 1969ல் சாம் ஃபிலிப்ஸ் சன் நிறுவனத்தை நாஷ்வில் நகரத் தயாரிப்பாளரான ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்றார்.

ஐரோப்பா காத்த நினைவு

பிறந்த நாட்டில் மறக்கப்பட்ட இசையை ஐரோப்பா நினைவில் வைத்திருந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. காக்ரனும் வின்சென்டும் ஹாலியும் பிரிட்டனில் நேரில் பாடியவர்கள். அமெரிக்காவில் வாய்ப்பிழந்த வின்சென்ட் 1960களில் பெரும்பாலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலுமே பாடி வாழ்ந்தார். அத்துடன் பிரிட்டனில் இந்த இசையைத் தன் அடையாளமாகக் கொண்ட ஒரு இளைஞர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அவர்கள் டெடி பாய்ஸ்.

டெடி பாய்ஸ் உடை ராக் இசைக்கு முந்தையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனின் சேவில் ரோ தையற்காரர்கள் ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்து உடையை உயர்குடியினருக்காகப் புதுப்பித்தனர். அது அங்கே எடுபடவில்லை. தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். வெல்வெட் காலர் வைத்த நீண்ட கோட்டு, ஒட்டிய காற்சட்டை, தடித்த ரப்பர் அடிகொண்ட ஷூ, எண்ணெய் தடவி முன்னால் உயர்த்திச் சீவிய முடி என்பது அவர்களின் கோலம். 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்தபோது அதை முதலில் பற்றிக்கொண்டவர்கள் அவர்களே.

1970களின் தொடக்கத்தில் அந்தத் தலைமுறையின் தம்பிகளும் பிள்ளைகளும் அதே கோட்டை மீண்டும் அணிந்தனர். 1971ல் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் லண்டனின் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் டெடி பாய்ஸ் உடைகள் விற்கும் 'லெட் இட் ராக்' கடையைத் தொடங்கினர். 1972 ஆகஸ்டில் வெம்பிளி மைதானத்தில் நடந்த ராக் அண்ட் ரோல் நிகழ்ச்சியில் பில் ஹேலி, லிட்டில் ரிச்சர்ட், சக் பெர்ரி, ஜெர்ரி லீ லூயிஸ், போ டிட்லி ஆகியோர் பாடினர். 1976ல் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் லண்டன் வீதிகளில் ஊர்வலமாகச் சென்று, பழைய ராக் அண்ட் ரோல் பாடல்களை ஒலிபரப்ப வேண்டும் என்று பிபிசியிடம் கோரினர். அதன் பயனாக வாராந்திர வானொலி நிகழ்ச்சி ஒன்று கிடைத்தது.

மறுபதிப்பு நிறுவனங்கள்

மறுமலர்ச்சியின் அடித்தளம் இசைத்தட்டு சேகரிப்பாளர்கள். அமெரிக்கச் சிறு நிறுவனங்கள் சில நூறு பிரதிகளே அச்சிட்ட தட்டுகளை அவர்கள் தேடிப்பிடித்தனர், பாடகர் பெயர்களைப் பட்டியலிட்டனர், பதிவு நாட்களைத் திரட்டினர். இந்த உழைப்பின் மேல் மறுபதிப்பு நிறுவனங்கள் எழுந்தன. சார்லி நிறுவனம் சிங்கிள்டனிடம் உரிமம் பெற்று சன் பதிவுகளை ஐரோப்பாவில் வெளியிட்டது. ஜெர்மனியில் 1975ல் தொடங்கிய பேர் ஃபேமிலி நிறுவனம், ஒரு கலைஞரின் பதிவுகள் அனைத்தையும் ஆய்வு நூலோடு பெட்டியாக வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தியது. இங்கிலாந்தில் ஏஸ் நிறுவனம் இதே பணியைச் செய்தது.

இதன் விளைவுகளில் வியப்பானது ஹாங்க் மைசெலின் கதை. அவர் பாடிய 'ஜங்கிள் ராக்' 1958ல் சிகாகோவின் சிறு நிறுவனம் ஒன்றில் வெளியாகி எவர் கவனத்தையும் பெறாமல் போனது. சார்லி நிறுவனம் 1976ல் அதை மீண்டும் வெளியிட்டபோது பிரிட்டனில் 3ஆம் இடத்தையும் நெதர்லாந்தில் முதலிடத்தையும் பிடித்தது. வெளியாகிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

1977ல் லண்டன் ரெயின்போ அரங்கில் சார்லி ஃபெதர்ஸ், வாரன் ஸ்மித், பட்டி நாக்ஸ், ஜாக் ஸ்காட் ஆகியோர் மேடையேறினர். தம் நாட்டில் சிறு விடுதிகளில் பாடவும் அழைப்பில்லாத கலைஞர்களுக்கு இங்கே அரங்கு நிறைந்த கூட்டம் இருந்தது. தம் பாடல்களின் ஒவ்வொரு வரியையும் அறிந்த இளைஞர்களை அவர்கள் முதன்முறையாகக் கண்டனர். வாண்டா ஜாக்சனையும் 1980களில் ஸ்கண்டிநேவிய ரசிகர்களே ராக்கபில்லிக்குத் திரும்ப அழைத்தனர். 2009ல் அவர் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

அமெரிக்காவிலும் இத்தகைய முயற்சி இருந்தது. இத்தாலியிலிருந்து குடியேறிய ரோனி வைசர் கலிஃபோர்னியாவில் ரோலின் ராக் நிறுவனத்தை நடத்தி, ரே கேம்பி, மாக் கர்டிஸ் போன்ற மறக்கப்பட்ட பாடகர்களை மீண்டும் பதிவு செய்தார். கேம்பி அப்போது பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவந்தார்.

ஸ்ட்ரே கேட்ஸ்

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த கிரேசி கேவன் அண்ட் த ரிதம் ராக்கர்ஸ், மேட்ச்பாக்ஸ், ஷேக்கின் ஸ்டீவன்ஸ் ஆகியோர் 1970களில் இசையை மேடையில் உயிரோடு வைத்திருந்தனர். 1977 ஆகஸ்டில் எல்விஸ் இறந்தது பழைய இசையின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. 1981ல் ஷேக்கின் ஸ்டீவன்ஸின் இரண்டு பாடல்கள் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன.

உலகப் புகழைக் கொண்டுவந்தது ஓர் அமெரிக்கக் குழு. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள மாசபீக்குவா என்ற ஊரில் பிரையன் செட்சர், லீ ராக்கர், ஸ்லிம் ஜிம் ஃபான்டம் ஆகியோர் 1979ல் ஸ்ட்ரே கேட்ஸ் குழுவைத் தொடங்கினர். தம் இசைக்கு இங்கிலாந்தில் ரசிகர்கள் இருப்பதை அறிந்து 1980ல் லண்டனுக்குக் கிளம்பினர். வேல்ஸ் கித்தார் கலைஞர் டேவ் எட்மண்ட்ஸ் தயாரித்த 'ரனவே பாய்ஸ்' அதே ஆண்டில் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. பிரிட்டனில் வெளியான இரண்டு ஆல்பங்களின் பாடல்களைத் தொகுத்து 1982ல் அமெரிக்காவில் 'பில்ட் ஃபார் ஸ்பீட்' வெளியானது. புதிதாகத் தொடங்கியிருந்த எம்டிவி தொலைக்காட்சி அவர்களின் காட்சிகளை ஓயாமல் ஒளிபரப்ப, அந்த ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடம் வரை சென்றது. அமெரிக்க இசை அமெரிக்கர்களிடம் திரும்பிச்செல்ல லண்டன் வழியாகப் போக வேண்டியிருந்தது.

அவர்களின் மேடை அமைப்பு 1950களைப் பின்பற்றியது. ராக்கர் டபுள் பாஸை அறைந்து வாசித்தார். ஃபான்டம் மிகச் சில டிரம்களை மட்டும் வைத்து நின்றபடி வாசித்தார். ஆனால் வேகமும் உரப்பும் பங்க் காலத்தைச் சேர்ந்தவை. பச்சை குத்திய கைகளும் சாயம் பூசிய முடியும் 1955ன் மெம்ஃபிஸில் காணக் கிடைக்காதவை.

பங்க் இசையோடு உறவு

1977ல் கிங்ஸ் ரோடில் டெடி பாய்ஸும் பங்க் இளைஞர்களும் தெருச்சண்டையிட்டனர். பங்க் இளைஞர்கள் பழைய கோட்டைக் கிழித்து ஊக்குக் குத்தி அணிந்ததைத் தம் மரபுக்கு இழைத்த அவமதிப்பாக டெடி பாய்ஸ் எண்ணினர். ஆனால் இசையளவில் இரண்டும் நெருக்கமானவை. சில சுரங்கள், குறைந்த கருவிகள், கொஞ்சம் பயிற்சி, நிறைய வேகம் என்பது இரண்டுக்கும் பொது.

நியூயார்க்கில் 1976ல் மேடையேறத் தொடங்கிய த கிராம்ப்ஸ் குழு ராக்கபில்லியைப் பேய்ப்படங்களின் மொழியோடு கலந்தது. 1980ல் லண்டனில் தொடங்கிய த மீட்டியர்ஸ் அதை இன்னும் வேகமாக்கியது. இந்தக் கிளை சைக்கோபில்லி எனப் பெயர்பெற்றது. லண்டன் ஹேமர்ஸ்மித்தில் இருந்த கிளப் ஃபுட் 1980களில் இதன் மையமாக விளங்கியது. மரபை அப்படியே காப்பவர்கள், அதை உடைத்து வளர்ப்பவர்கள் என்ற பிரிவு மறுமலர்ச்சிக்குள் அப்போதே தோன்றிவிட்டது.

ஜப்பானும் லாஸ் ஏஞ்சலிஸும்

ஜப்பானில் 1972ல் தொடங்கிய கரோல் குழு தோல் மேலாடையும் எண்ணெய் தடவிய தலையுமாகப் பாடியது. டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் மசாயுகி யாமசாகி நடத்திய கிரீம் சோடா கடை 1950களின் அமெரிக்க உடைகளை விற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகி பூங்காவின் அருகே ஒலிப்பெட்டியை வைத்து ஆடும் ரோலர்கள் இன்றும் டோக்கியோவின் அடையாளங்களில் ஒருவர். அலுவலக ஒழுங்கு மிகுந்த சமூகத்தில், வாரத்தில் ஒரு நாள் வேறொருவராக இருக்கும் உரிமையை அந்த ஆட்டம் அவர்களுக்கு அளித்தது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்கள் ராக்கபில்லியின் உறுதியான ஆதரவாளர்களாயினர். ரிச்சி வேலன்ஸ் அவர்களின் சொந்தப் பாடகர். 1940களின் பச்சுக்கோ இளைஞர்களின் தளர்ந்த உடையும், எண்ணெய் வாரிய முடியும், தாழ இறக்கிய கார்களும் அவர்கள் குடும்ப நினைவுகளில் ஏற்கெனவே இருந்தன. எனவே 1950கள் அவர்களுக்கு இரவல் காலம் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் பல ராக்கபில்லி அரங்குகளில் இன்று பெரும்பான்மையினர் அவர்களே.

உடையும் தோற்றமும்

ராக்கபில்லி உடைக்கும் இரு வேர்கள் உண்டு. மெம்ஃபிஸின் பீல் தெருவில் இருந்த லான்ஸ்கி பிரதர்ஸ் கடை கறுப்பின இசைக்கலைஞர்களுக்கும் நகரத்து இளைஞர்களுக்கும் பளிச்சென்ற நிறங்களில் உடைகள் விற்றது. எல்விஸின் இளஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த உடைகள் அங்கே வாங்கியவை. மற்றொரு வேர் தொழிலாளர் உடை. அடிப்பகுதியை மடித்துவிட்ட தடித்த டெனிம் ஜீன்ஸ், வெள்ளை டி-ஷர்ட், கனத்த காலணி ஆகியவை தொழிற்சாலைகளிலிருந்தும் மெக்கானிக் கடைகளிலிருந்தும் வந்தவை.

பிரிட்டனின் மறுமலர்ச்சியில் இந்த இரண்டும் தனித்தனியே நின்றன. மூத்தவர்கள் டெடி பாய்ஸ் கோட்டை அணிந்தனர். 1970களின் இறுதியில் வந்த இளையவர்கள் தம்மை ராக்கபில்லிகள் என்று அழைத்துக்கொண்டு அமெரிக்கத் தொழிலாளர் உடைக்கு மாறினர். பெண்கள் விரிந்த வட்டப் பாவாடை, ஒட்டிய நீளப் பாவாடை, நெற்றிக்கு மேல் சுருட்டிய கூந்தல், புள்ளிபோட்ட தலைத்துணி ஆகியவற்றை மீட்டனர். தலைத்துணி போரின்போது தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்கள் இயந்திரத்தில் முடி சிக்காமலிருக்கக் கட்டியது.

தொடக்கத்தில் இந்த உடைகள் பழந்துணிக் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. தேவை பெருகப் பெருகப் புதிதாகத் தைத்து விற்கும் நிறுவனங்கள் வந்தன. 1998ல் டாம் இங்ராம் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய விவா லாஸ் வேகாஸ் விழா இசையோடு பழைய கார்களின் காட்சி, நடனப் பயிற்சி, உடைச் சந்தை ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்த்தது.

கித்தார்களின் வீழ்ச்சியும் மீட்சியும்

ராக்கபில்லியோடு அதிகம் இணைத்துப் பேசப்படும் கித்தார் கிரெட்ஷ். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஃபிரெடரிக் கிரெட்ஷ் 1883ல் நியூயார்க்கின் புரூக்ளினில் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். 1954ல் செட் அட்கின்ஸின் பெயரில் 6120 என்ற மாதிரி அறிமுகமானது. ஆரஞ்சு நிறம், உள்ளீடற்ற உடல், வயலினில் உள்ளது போன்ற இரு திறப்புகள், பால் பிக்ஸ்பி உருவாக்கிய அதிர்வுக் கைப்பிடி ஆகியவை அதன் அடையாளங்கள். கைப்பிடியை அழுத்தினால் கம்பிகளின் இறுக்கம் தளர்ந்து சுரம் அலைபாயும். எக்கோசோனிக் ஆம்ப்ளிஃபயரை உருவாக்கிய ரே பட்ஸே பின்னர் கிரெட்ஷுக்காக ஃபில்டர்டிரான் பிக்கப்பையும் வடிவமைத்தார். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டதால் மின்னிரைச்சல் நீங்கியது. எடி காக்ரன் 6120ஐயும், ஜீன் வின்சென்டின் கித்தார் கலைஞர் கிளிஃப் கேலப் கிரெட்ஷின் டியோ ஜெட்டையும் வாசித்தனர்.

1960களின் இறுதியில் ராக் இசையின் ஒலியளவு பெருகியது. உள்ளீடற்ற கித்தார் உரத்த ஆம்ப்ளிஃபயர் முன் தானே அதிர்ந்து ஊளையிடும். எனவே இளம் கலைஞர்கள் திண்மையான உடல்கொண்ட கித்தார்களுக்கு மாறினர். 1967ல் கிரெட்ஷ் நிறுவனம் பால்ட்வின் பியானோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. உற்பத்தி ஆர்கன்சா மாநிலத்தின் பூன்வில்லுக்கு மாற்றப்பட்டது. 1973ல் அங்குள்ள தொழிற்சாலையில் தீ விபத்து ஏற்பட்டது. தரம் சரிந்தது. 1980களின் தொடக்கத்தில் கித்தார் உற்பத்தியே நின்றது.

ஸ்ட்ரே கேட்ஸ் புகழ்பெற்ற காலமும் அதுவே. பிரையன் செட்சர் 1959ல் செய்யப்பட்ட 6120 கித்தாரை வாசித்தார். அவரைப் பார்த்து அந்தக் கித்தாரை விரும்பிய இளைஞர்களுக்குக் கடையில் வாங்கப் புதியது எதுவும் இல்லை. அடகுக்கடைகளில் தூசிபடிந்து கிடந்த பழைய கிரெட்ஷ்களின் விலை ஏறியது. நிறுவனரின் வழிவந்த ஃபிரெட் டபிள்யூ. கிரெட்ஷ் 1985ல் நிறுவனத்தைத் திரும்ப வாங்கி, 1989ல் ஜப்பானில் கித்தார் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார். செட் அட்கின்ஸ் அப்போது கிப்சன் நிறுவனத்தோடு இருந்ததால் 6120 'நாஷ்வில்' என்ற பெயரில் விற்கப்பட்டது. 1990களில் செட்சரின் பெயரிலேயே ஒரு மாதிரி வந்தது. டி.வி. ஜோன்ஸ் போன்ற தனிக் கைவினைஞர்கள் பழைய பிக்கப்புகளைப் பிரித்துப் பார்த்து அதே ஒலியைத் தரும் புதியவற்றைச் செய்தனர். 2002ல் ஃபெண்டர் நிறுவனம் கிரெட்ஷ் கித்தார்களின் உற்பத்தி, விற்பனைப் பொறுப்பை ஏற்றது.

இந்தப் போக்கு கிரெட்ஷோடு நிற்கவில்லை. ஃபெண்டர் நிறுவனம் 1982ல் தன் 1950களின் மாதிரிகளை மறுபதிப்பாக அறிவித்தது. 1990களின் நடுவில், புதிய கித்தாரில் வேண்டுமென்றே கீறலும் தேய்மானமும் ஏற்படுத்தி விற்கத் தொடங்கியது. 1969ல் மூடப்பட்ட டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தின் பெயரும் 1990களில் மீண்டது. அழுத்திய மரத்தூள் பலகையும், உதட்டுச்சாயக் குழாயில் பொதிந்த பிக்கப்பும் கொண்ட அக்கித்தார்கள் ஒருகாலத்தில் சிறுவர்களுக்கான மலிவுப் பொருட்கள். மறுமலர்ச்சி அவற்றின் மலிவையே ஓர் அழகாக்கியது.

விவாதங்கள்

ராக்கபில்லி மறுமலர்ச்சி குறித்த முதன்மையான விவாதம் இனம் சார்ந்தது. இந்த இசையின் பாதி கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. ஆனால் மறுமலர்ச்சியின் மேடையிலும் அரங்கிலும் அவர்கள் மிகக் குறைவு. 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை இயற்றிய ஆர்தர் குரூடப் உரிமைத்தொகையின் பெரும்பகுதியைப் பெறாமலேயே 1974ல் இறந்தார். அது மறுமலர்ச்சி வேகம்பெற்ற காலம். அதே காலத்தில் பிரிட்டனில் பல குழுக்களும் ரசிகர்களும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியைத் தட்டுறைகளிலும் மேலாடைகளிலும் சூடினர். பலர் அதைத் தெற்கின் இசைக்கும் கலக மனநிலைக்கும் உரிய சின்னமாக மட்டுமே எண்ணினர். ஆனால் அக்கொடி அமெரிக்காவில் கறுப்பின மக்களை அச்சுறுத்தப் பயன்பட்டது. டெடி பாய்ஸ் வரலாற்றிலும் 1958ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் மேற்கிந்தியக் குடியேறிகள் மீது நடந்த தாக்குதல்களில் பங்கேற்ற கறை உண்டு. பின்வந்த தலைமுறை இக்கொடியைக் குறித்து வெளிப்படையாக விவாதித்தது. அதைத் தவிர்க்கும் வழக்கமும் பரவியது.

இரண்டாவது விவாதம் மூலத்திற்கு உண்மையாக இருப்பது குறித்தது. மரபாளர்கள் 1950களின் கித்தார், ஆம்ப்ளிஃபயர், ஒலிவாங்கி, ஒலிநாடா ஆகியவற்றோடு மட்டுமே பதிவு செய்ய முயன்றனர். அதற்கெனவே பழைய கருவிகளைக் கொண்ட பதிவுக்கூடங்கள் எழுந்தன. ஆனால் 1954ல் சன் கூடத்தில் இருந்தவை எவையும் பழம்பொருட்கள் அல்ல. ஒலிநாடா எதிரொலி அன்றைய புதுமை. 6120 அந்த ஆண்டின் புது வரவு. சாம் ஃபிலிப்ஸ் முன்பு கேட்டிராத ஒலியைத் தேடினார். அவர் செய்ததை அப்படியே செய்பவர் அவர் தேடியதற்கு நேர் எதிரான ஒன்றைத் தேடுகிறார் என்று விமர்சகர்கள் கூறினர். ஒரு மொழியைப் பிழையின்றிப் பேசக் கற்றால்தான் அதில் புதிதாகச் சொல்ல முடியும் என்பது மரபாளர்களின் பதில். ரெவரெண்ட் ஹார்ட்டன் ஹீட், பிக் சாண்டி, இமெல்டா மே, ஜே.டி. மெக்ஃபெர்சன் போன்ற பிற்காலக் கலைஞர்கள் இந்த இரு நிலைகளுக்கும் இடையே தத்தம் வழியைக் கண்டனர்.

மதிப்பீடு

ராக்கபில்லி மறுமலர்ச்சியின் முதன்மையான பயன் ஆவணப்பணி. சேகரிப்பாளர்களும் மறுபதிப்பு நிறுவனங்களும் இல்லையென்றால் சிறு ஊர்களில் பதிவான பல நூறு பாடல்கள் அழிந்திருக்கும். வாழ்ந்துகொண்டிருந்த கலைஞர்கள் சிலருக்கு முதுமையில் வருமானமும் மதிப்பும் கிடைத்தன. 1985ல் கார்ல் பெர்க்கின்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லண்டனில் ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன் ஆகியோரும் ஸ்ட்ரே கேட்ஸின் ராக்கரும் ஃபான்டமும் அவரோடு சேர்ந்து வாசித்தனர். மூன்று தலைமுறைகளை ஒரே மேடையில் கொண்டுவந்த நிகழ்வு அது.

அறுந்துபோன கைத்தொழில்களையும் மறுமலர்ச்சி மீட்டது. டபுள் பாஸை அறைந்து வாசிக்கும் முறை, உள்ளீடற்ற கித்தார் செய்யும் நுட்பம், பழைய தறியில் டெனிம் நெய்வது, முடியை எண்ணெய் வாரிச் சீவும் முடிதிருத்தகம் ஆகியவை மீண்டும் கற்பிக்கப்படுகின்றன. பழைய பொருட்கள் விலையுயர்ந்த சேகரிப்புகளாக மாறியது இதன் மறுபக்கம். கையில் காசில்லாத இளைஞர்கள் கையில் கிடைத்ததை வைத்து உருவாக்கிய இசை இது. அதன் கருவிகளை இன்று அத்தகைய இளைஞர்களால் எளிதில் வாங்க முடிவதில்லை. எனினும் இந்த இசைக்குத் தேவையானது ஒரு கித்தார், ஒரு டபுள் பாஸ், ஒரு குரல் மட்டுமே. டோக்கியோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் வேல்ஸிலும் மக்கள் அதைத் தமதாக்கிக்கொள்ள அந்த எளிமையே காரணம்.